காணாமல் போனவளுக்கு இரண்டு நிமிடம்

ஜெர்மன் மொழியில் எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு ‘இன்டர்’ என்று பெயர். அமெரிக்காவின் பூர்வகுடி மக்களுக்கு ‘இண்டியானர்’. மியூனிக்குக்கு வடக்கே நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில், என் எதிர் மேசைக்கு அந்தப் பெண் வந்து சேர்ந்த அன்று, நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் காபி மெஷின் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னார்: “இப்ப நம்மகிட்ட ரெண்டு வகையும் இருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. பிறகு அவளிடம் கேட்டபோது, “முதல் நாளே சண்டை போட முடியாதில்ல,” என்றாள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே எழுதுவது என் தமிழில்.

அமெரிக்காவின் மேற்குக் கரையோர மாநிலம் ஒன்றில், ஒரு ஆற்றை நம்பி வாழும் சின்ன இனக்குழுவைச் சேர்ந்தவள் அவள். ஆற்று மீன்களின் மரபணுவைப் படிக்க இங்கே வந்திருந்தாள். எனக்கு அந்த ஆய்வின் கம்ப்யூட்டர் பக்கம். அவளுடைய தரவுகளைச் சேமித்து வைப்பதும் ஒழுங்குபடுத்துவதும் என் வேலை. இரண்டு பேருக்கும் இந்த ஊர் ரொட்டி பிடிக்காது என்பதில் தொடங்கிய நட்பு. என் வீட்டு ரசத்தைக் கப்பில் ஊற்றிக் குடிப்பாள். அவள் அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து வந்த புகைபோட்ட சால்மன் மீனை நான் மிளகாய்த்தூள் தடவி வறுத்தேன். அவளுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அம்மாவிடம் போனில் இவளைப் பற்றிச் சொன்னேன். “செவ்விந்தியர்னு ஸ்கூல்ல படிச்சோமே, அவங்களா? இன்னும் இருக்காங்களா?” என்றாள் அம்மா. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த தோழி, அம்மா என்ன கேட்டார்கள் என்றாள். சொன்னேன். “இருக்கோம்னு சொல்லு,” என்றாள்.

அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் அவளுடைய சித்தி மகள் காணாமல் போனாள்.

சித்தி மகள் என்று நான் சொல்கிறேன். அவர்கள் வழக்கத்திலும் நம்மைப் போல அக்காதான். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அக்காவுக்கு ஒரு மகள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஒரு மோட்டலில் சமையல் வேலை. ஒரு மாலை வேலை முடிந்து, பக்கத்து பெட்ரோல் பங்க்கில் மகளுக்கு ஏதோ தின்பண்டம் வாங்கியிருக்கிறாள். அங்கிருந்த கேமராவில் அவள் வெளியே வருவது தெரிகிறது. அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் சித்தி காவல் நிலையத்துக்குப் போனாள். அவர்கள் மக்களுக்கென்று ஒரு சின்னக் காவல் துறை உண்டு. பெட்ரோல் பங்க் எங்கள் எல்லையில் இல்லை, மாவட்டப் போலீஸிடம் போ என்றார்கள். மாவட்டப் போலீஸில், அவள் உங்கள் ஆள், உங்கள் நிலத்தில் வசிப்பவள், அங்கேயே போ என்றார்கள். சித்தி மறுபடி மறுபடி நடந்த பிறகு, ஒரு அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாராம்: “எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பா. தெளிஞ்சதும் வருவா.”

அக்கா குடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதைச் சொல்லியும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் தோழி மதிய உணவு நேரத்தில் என்னிடம் சொன்னாள். குரல் ஏறவே இல்லை. எனக்குத்தான் கையிலிருந்த முள்கரண்டியை எங்காவது வீச வேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா சொன்னாள்: “நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? மலைக்காரப் பொண்ணுங்க சூளை வேலைக்குப் போய்த் திரும்பலன்னா, ஸ்டேஷன்ல ‘எவன் கூடயாச்சும் ஓடிப் போயிருக்கும் போ’ன்னுதான் துரத்துவாங்க. கண்ணால பார்த்திருக்கேன். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு கூடப் போனாத்தான் உட்காரவே சொல்லுவாங்க.” செவ்விந்தியர் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்ட அதே அம்மா.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மூத்த தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். நல்ல மனிதர். நான் வந்த புதிதில் வீடு தேட உதவியவர். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. வருடத்துக்குச் சில வாரம் ஒரு மன்றத்தோடு சேர்ந்து புல்வெளியில் கூடாரம் அடித்து, தோலாடை உடுத்தி, தலையில் இறகு சூடி, அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போல வாழ்வது. இந்த நாட்டில் இப்படி எத்தனையோ மன்றங்கள். சின்ன வயதில் படித்த சாகசக் கதைகளிலிருந்து பிடித்த பைத்தியம் என்று அவரே சொல்வார். தோழி வந்த நாளிலிருந்து, “கோடை முகாமுக்கு ஒரு தடவை வாங்க, எங்களுக்குப் பெரிய கௌரவம்,” என்று அழைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தவள், அந்த ஜூன் மாதம் அவரிடம் தானே போய், “இந்த வருஷம் வரேன்,” என்றாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். “உனக்கென்ன பைத்தியமா?”

“அங்க முந்நூறு நானூறு பேர் வருவாங்க. எங்க மேல அவ்வளவு பிரியம் வச்சிருக்கிறதா சொல்றவங்க. அக்காவைப் பத்திப் பத்து நிமிஷம் பேசறேன். யாராவது எழுதுவாங்க, யாருக்காவது பத்திரிகைக்காரங்களைத் தெரிஞ்சிருக்கும். அங்க எங்க ஊர்ல யாரும் கேக்கல. இங்கயாவது கேக்கட்டும்.”

ஜூலையில் ஒரு சனிக்கிழமை போனோம். ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு உதவியாளரின் காரில். காட்டை ஒட்டிய புல்வெளியில் வெள்ளைக் கூடாரங்கள். மேளச் சத்தம். புகை. பொன்னிறத் தாடியும் மணிமாலையுமாக ஆண்கள், சடை பின்னிய பெண்கள், முகத்தில் வண்ணம் பூசிய குழந்தைகள். பாதுகாப்பாக நிறுத்தப்பட்ட கார்களின் வரிசை மட்டும் மரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

தோழி நீல நிற மழைக்கோட்டு போட்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் முதலில் வந்தது ஏமாற்றம். அதை மறைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒருவர் ஏதோ ஒரு மொழியில் வணக்கம் சொன்னார். “அது எங்க மொழி இல்லைங்க. அதைப் பேசறவங்க இருக்கிறது எங்க ஊர்லேர்ந்து ரெண்டு நாள் கார் பயணம்,” என்றாள். ஒரு பெண்மணி தன் கையால் கோத்த மணி வேலையைக் காட்டி, பழைய முறைப்படி சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் ஆற்றில் கூடை முடைவோம், இந்த மணி வேலை எங்களுடையது இல்லை என்றாள் தோழி. “அப்படியா,” என்று அந்தப் பெண்மணி என்னிடம் திரும்பி, “நீங்க எந்த இனக்குழு?” என்றார். “மதுரை,” என்றேன். புரியாமல் தலையாட்டினார்.

இதெல்லாம் வேடிக்கை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்போம்.

மன்றத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தோழி அவரிடம் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். சாயங்காலம் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்காரும்போது பத்து நிமிடம் வேண்டும், அக்காவின் படத்தைக் காட்ட வேண்டும். எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் இப்படிக் காணாமல் போகிறார்கள், கொலையாகிறார்கள், யாரும் தேடுவதில்லை. எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர முயற்சி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து நாலு பேர் எழுதினால் உதவும். அவ்வளவுதான்.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஆனா இன்னிக்கு வேண்டாமே,” என்றார். “குடும்பமா வந்திருக்காங்க. குழந்தைங்க இருக்காங்க. வருஷம் முழுக்க இதுக்காகக் காத்திருக்காங்க. நாங்க இங்க அரசியல் பேசறதில்ல. இது உங்க பண்பாட்டைக் கொண்டாடற இடம்.”

“இதுவும் அவங்க கதைதான்,” என்றேன் நான்.

“நாங்க பழைய காலத்தை எடுத்துக்கிறோம். ஆயிரத்து எண்ணூறுகளை.”

என் ஜெர்மன் சுமார்தான். கோபம் வந்தால் அதுவும் போய்விடும். “செத்துப் போன பூர்வகுடின்னா பிடிக்கும், உயிரோட வந்து நின்னா பிடிக்காதா?” என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேற்றுமை உருபெல்லாம் உடைந்த ஏதோ ஒன்று. ஆனால் அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. தோழி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “விடு. போகலாம்.”

போகும்போது இரண்டு பெண்கள் ஓடி வந்து அவளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவள் சரி என்று நின்றாள்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரயிலில் கேட்டேன், ஏன் நின்றாய் என்று. “களைப்பா இருந்தது. மாட்டேன்னு சொல்றதுக்கும் தெம்பு வேணுமே,” என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மியூனிக்கில் இறங்கியதும் அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மனமில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் நான் அரிசி வாங்கும் ஈழத்தமிழர் கடை. அதை நடத்தும் அக்கா எண்பதுகளில் இங்கே வந்தவர். அழுத முகத்தோடு ஒருத்தி உள்ளே வருவதைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தார்.

“என்ன பிள்ளை, இவவின்ர முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?”

சொன்னேன். இவளுடைய அக்காவைக் காணோம், போலீஸ் தேடவில்லை என்று.

“எப்ப துவக்கம் காணேல்லை?”

“மே மாசத்துலேர்ந்து அக்கா.”

“கடைசியா எங்க கண்டவை? ஆர் கண்டது? பிள்ளையள் இருக்கோ அவவுக்கு? இப்ப ஆரிட்டை நிக்கினம்?”

ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னேன், அங்கே ஒரு சட்டத்துக்கு முயற்சி நடப்பதையும். அந்த வரிசையில் அந்தக் கேள்விகளை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, போலீஸ் உட்பட. கடைக்கார அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“என்ர தம்பியும் கடைக்குப் போட்டு வாறன் எண்டு போனவன்தான். இண்டை வரைக்கும் வரேல்லை. எங்களுக்கும் சட்டம் கொண்டு வந்தவை, காணாமல் போனவையைத் தேட எண்டு ஒரு கந்தோர் திறந்தவை. அம்மா சாகுமட்டும் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போய் வந்தவ. சட்டம் வந்தா மட்டும் போதாது எண்டு சொல்லுங்கோ இவவிட்டை. ஒவ்வொரு கிழமையும் போய் நிக்கோணும். விடக் கூடாது.” பிறகு, “படம் இருக்கோ? தாங்கோ,” என்றார்.

தோழியிடம் அச்சடித்த படங்கள் இருந்தன, முகாமில் கொடுப்பதற்காகக் கொண்டுபோனவை. கடைக்கார அக்கா ஒன்றை வாங்கி, கல்லாவுக்குப் பின்னால், சாமிப் படத்துக்கும் பரதநாட்டிய வகுப்பு அறிவிப்புக்கும் நடுவில் ஒட்டினார். கடலுக்கு அப்பால் தொலைந்த ஒரு பெண்ணை அந்தக் கடையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அப்படி யோசித்தால் எதையும் எங்கும் ஒட்ட முடியாது.

அக்டோபரில் தோழியின் அக்காவைக் கண்டுபிடித்தார்கள். போலீஸ் இல்லை. மாமாக்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் வார இறுதிகளில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புதர் புதராகத் தேடியிருக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கிலிருந்து அதிக தூரமில்லை. ஓடைக்கரையில், மரங்களுக்குக் கீழே. ஜூன் மாதமே அந்த இடத்தில் தேடுங்கள், மோப்ப நாய் கொண்டு வாருங்கள் என்று சித்தி கேட்டிருந்த இடம். யாரோ கொன்றிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எப்படி என்று சொல்ல முடியாத அளவுக்கு வெயிலும் மழையும் பட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். வெயிலுக்கும் மழைக்கும் அவளை விட்டு வைத்தது யார்?

தோழி ஊருக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பியவள் மீன்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. சட்டத்தைப் பற்றியே பேசினாள். அந்த முன்வரைவை நானும் படித்தேன். கடினமான ஒன்றும் இல்லை. பூர்வகுடிப் பெண் காணவில்லை என்று யார் வந்தாலும், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பாமல், அந்தக் காவல் நிலையமே உடனே புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அவள் எந்த இனக்குழு என்று கேட்டு எழுத வேண்டும். இப்போது கண்ணால் பார்த்துத் தோன்றியதை எழுதிவிடுகிறார்கள், அதனால் எத்தனை பேர் போனார்கள் என்றே கணக்கில்லை. மாநிலம் முழுவதும் செல்போன்களுக்கு அறிவிப்புப் போக வேண்டும். குடும்பத்தோடு பேச ஒரு அலுவலகம், ஒரு ஆள் வேண்டும். இதைக் கேட்டு வாங்க ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. நான் அந்த நாட்டுக்காரிகூட இல்லை.

சட்டமன்றக் குழுவின் விசாரணை ஜனவரியில் நடந்தது. வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்றார்கள். அங்கே காலை என்றால் எங்களுக்குச் சாயங்காலம். அவள் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துவிடும் என்பதால் என் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். என் கணவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று அவர்களின் முதல் விஷயம் வாத்து வேட்டை உரிமங்கள். அதைப் பற்றி அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். எந்த வாத்து, எந்த மாதம், எந்தத் துப்பாக்கி. ஒருவர் தன் தாத்தாவோடு வேட்டைக்குப் போன கதையைச் சொன்னார், எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். பிறகு தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த விஷயத்தில் பேச நிறைய பேர் இருப்பதால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அறிவித்தார்.

தோழி ஐந்து நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்தாள். பேனாவை எடுத்து அங்கேயே அடிக்கத் தொடங்கினாள். அக்காவின் சமையலைப் பற்றி எழுதியது போயிற்று. அவள் குழந்தையாக இருந்தபோது ஆற்றில் நீந்தியது போயிற்று. மிஞ்சியது பெட்ரோல் பங்க், இரண்டு காவல் நிலையங்கள், ஓடைக்கரை. அதை நிமிர்ந்து உட்கார்ந்து, தடுமாறாமல் சொன்னாள். “எங்க மாமாங்களுக்கு இருந்த கண்ணு உங்க போலீசுக்கும் இருக்கு. பார்க்கச் சொல்லி ஒரு சட்டம் போடுங்கன்னு கேக்கறோம்,” என்று முடித்தாள்.

ஒரு உறுப்பினர் மைக்கைத் தட்டினார். கேள்வி கேட்கப் போகிறார் என்று நாங்கள் இருவரும் திரைக்கு அருகே குனிந்தோம்.

“ஜெர்மனியிலேர்ந்தா பேசறீங்க? அங்கல்லாம் இந்தியன்ஸ் மேல ரொம்ப ஆசையாமே?”

சிலர் சிரித்தார்கள். தோழி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “ஆமா. இறகு நிறைய விக்குது,” என்றாள். நேரம் முடிந்தது என்று தலைவர் நன்றி சொன்னார். அடுத்து அவளுடைய சித்தி, அந்த மண்டபத்திலேயே, படத்தை நெஞ்சோடு பிடித்தபடி வந்து நின்றாள். அவளுக்கும் இரண்டு நிமிடம்தான்.

வசந்தத்தில் சட்டம் நிறைவேறியது. யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை என்று செய்தி. ஆளுநர் கையெழுத்துப் போடும் படத்தில் சித்தி பக்கத்தில் நிற்கிறாள், அந்தப் பேனாவை அவளுக்கே கொடுத்தார்களாம். நான் கேக் வாங்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனேன். அவள் நிறைவேறிய சட்டத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“படி,” என்றாள்.

படித்தேன். எல்லாம் அப்படியே இருந்தது போலத்தான் பட்டது. அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லை மாற்றியிருந்தார்கள். தமிழில் சொன்னால், ‘உடனே பதிவு செய்ய வேண்டும்’ என்பது ‘பதிவு செய்யலாம்’ ஆகியிருந்தது. ‘கேட்டு எழுத வேண்டும்’ என்பது ‘எழுதலாம்’. ‘அறிவிப்பு அனுப்ப வேண்டும்’ என்பது ‘அனுப்பலாம்’. போலீஸ் சங்கம் கேட்டதாம், கடைசி வாரத்தில். அலுவலகம் மட்டும் மாறாமல் தப்பியிருந்தது.

“இதுக்கு எதுக்குச் சட்டம்?” என்று கத்தினேன். “பதிவு பண்ணலாம்னா இதுக்கு முன்னாடியும்தான் பண்ணியிருக்கலாமே! யாரு கையைப் பிடிச்சா?”

அவள் கேக்கை வெட்டினாள். “கத்தாதே. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடாதேன்னு கதவுல சீட்டு எழுதி ஒட்டிடுவார். அலுவலகம் கிடைச்சிருக்கு. சித்திக்கு ஃபோன் பண்ண ஒரு நம்பர் இருக்கு. போன வருஷம் அதுகூட இல்ல.” சாப்பிட்டுக்கொண்டே, “மிச்சத்தை அடுத்த கூட்டத்தொடர்ல மாத்த வைக்கணும்,” என்றாள். அவளுக்கு என் அளவுக்குக் கோபம் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. இப்போது நினைத்தால், கோபத்தை அவள் சில்லறையாகச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் முடிந்து அந்த இலையுதிர் காலத்தில் ஊருக்குத் திரும்பினாள். அவர்கள் ஆற்று மீன் வளத் துறையில் வேலை பார்க்கிறாள். உதவியாளர் இன்னும் ஒவ்வொரு ஜூலையிலும் முகாமுக்குப் போகிறார். என்னிடம் மரியாதையாக, கொஞ்சம் பயத்தோடு பேசுகிறார். வழக்கில் ஒருவனைக் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டார்கள். ஓடைக்கரை எல்லைக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு காவல் துறைகளும் இன்னும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. சித்தி திங்கட்கிழமை தோறும் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்கிறாள். அங்கே இருக்கும் பெண் நல்லவளாம். எடுத்துப் பேசுகிறாளாம். புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்கிறாளாம். ‘லாம்’களை ‘வேண்டும்’ ஆக்கும் திருத்தம் இந்தக் கூட்டத்தொடரில் நேரம் போதாமல் தள்ளிப் போய்விட்டது.

போன வாரம் தோழி பேசினாள். அக்காவின் மகளுக்குப் பதினேழு ஆகிறது, கார் ஓட்டும் உரிமம் வாங்கிவிட்டாள். சந்தோஷமான செய்தி என்றுதான் தொடங்கினாள். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் போட்டிருக்கும் நிபந்தனைகளைச் சொன்னாள். தனியாகப் பெட்ரோல் போடக் கூடாது. கிளம்பும்போது என்ன உடுப்பு என்று ஒரு படம் எடுத்துச் சித்திக்கு அனுப்ப வேண்டும். போன் எங்கே இருக்கிறது என்று மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். தலைமுடியில் கொஞ்சம் ஒரு உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள், ஒருவேளை அடையாளம் காணத் தேவைப்பட்டால் என்று.

“அவ என்ன சொன்னா?” என்றேன்.

“அவளேதான் வெட்டிக் கொடுத்தா,” என்றாள்.

பதினேழு வயதில் ஒரு பெண் தன் முடியைத் தானே வெட்டி உறையில் போடுகிறாள். அவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டாள். செய்ய வேண்டியவர்களுக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.